அருகம்புல்லில் உருளும் பந்து: அக்கரைத் தீவில் கோல்ஃப் ஆடலாம், தெரியுமா?

தீவுக்குப் போய் கோல்ஃப் ஆடுவதென்றால் ஹவாய், மொரீஷியஸ் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் புதூரில் காலையில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை வழியாக மதுரை விமான நிலையம் போனால், அங்கிருந்து இலங்கையின் கொழும்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்!

அதைவிடப் பெரிய அதிசயம் புல்லில் இருக்கிறது. வெப்ப நாடுகளில் பெரும்பாலான கோல்ஃப் மைதானங்களில் விரித்திருப்பது பெர்முடா புல். அது வேறெதுவுமில்லை, நம் அருகம்புல்லேதான்! அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் அதை ஓர் ஆப்பிரிக்கப் புல்லோடு ஒட்டுச் சேர்த்துப் புதுப்புது ரகங்கள் எடுத்தார்கள். அவை உலகமெங்கும் பரவின. நம் ஊரில் புஞ்சையில் அருகு பாய்ந்துவிட்டால் சம்சாரிக்குத் தூக்கம் கிடையாது. ஆழ வெட்டி, வேரைப் பொறுக்கி வரப்பில் காயப்போட்டாலும், ஒரு கணு மிஞ்சினால் போதும், அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். அந்தப் பிடிவாதம்தான் கோல்ஃபுக்கு வேண்டியிருக்கிறது. பந்து குழிக்குள் விழும் இடத்தில் புல்லை மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். அப்படி வெட்டியும் பிழைக்கிறது! ஆனால் அதற்கடியில் கரிசல் ஆகாது, முப்பது சென்டிமீட்டர் மணல் படுகை போடுவார்கள். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் நம் மண்ணில் பந்து விழுந்தால், வெடிப்புக்குள் முழங்கை வரை விட்டாலும் எட்டாது.

கொழும்பில் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-இல் தொடங்கியது. முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள், 1896-இல் இப்போதைய ரிட்ஜ்வே மைதானத்துக்கு மாறினார்கள். அந்த மைதானத்துக்குள்ளேயே களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை ஓடுகிறது, தெரியுமா? ரயில் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி வழிவிட வேண்டும்!

ரயில் என்றதும் இன்னொன்று. 1914-இல் பாம்பன் பாலம் வருவதற்கு முன், சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் கோவில்பட்டியைத் தாண்டித்தான் தூத்துக்குடிக்கு ரயிலில் வந்து கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தக் கடல்வழிக்காகத்தான்.

கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் விக்டோரியா மைதானம் இருக்கிறது, ஒரு பக்கம் நீர்த்தேக்கம், சுற்றிலும் மலை. ஆனால் என் மனசு சாய்வது நுவரெலியா பக்கம்தான். 1889-இல் தொடங்கிய கிளப், கடல் மட்டத்துக்கு மேலே 1,800 மீட்டரைத் தாண்டிய உயரம், ஊர் நடுவே பச்சை. மேலே காற்று மெலிந்திருப்பதால் அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் பறக்கும். குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த மாவட்டத்தில் தமிழர்கள்தான் பெரும்பான்மை. தேயிலைக்காக நம் சீமையிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள் நிறைய. மைதானத்தைச் சுற்றிய மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய உழைப்பு அவர்களுடையது. போகிறவர்கள் கோல்ஃப் மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாளாவது தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் பக்கம் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை.

எப்போது போகலாம்? தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை கொழும்பையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைத்துவிடும். ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன், கூட்டம் தாங்காது, அறை வாடகையும் ஏறிவிடும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைதான் தோது. நம் பக்கத்தில் உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்து, கையில் நாலு காசு புரளும் நேரமும் அதுதான்!