மெய்ப்பாடும் டெடிகேஷனும்

"அந்தாளுக்கு டெடிகேஷன் இல்ல சார்." நான் போகும் ஜிம்மில் தினமும் காதில் விழுகிற வாக்கியம் இது. ஜனவரியில் பணம் கட்டி மார்ச்சில் காணாமல் போனவர், இரண்டு செட்டுக்கு நடுவே செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவர், டிரெட்மில்லில் அரட்டை அடித்தபடி நடப்பவர் எல்லோர்மீதும் இத்தீர்ப்பு விழுகிறது. சொல்பவர் அநேகமாக மாஸ்டராக இருப்பதில்லை. பக்கத்தில் டம்பெல் தூக்கிக்கொண்டிருப்பவர்தான். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என்னதான் நடக்கிறது?

முதலில் சொல். அர்ப்பணிப்பு, சிரத்தை என்றெல்லாம் தமிழில் இருந்தும் அங்கே யார் வாயிலும் அவை வருவதில்லை. டெடிகேஷனின் லத்தீன் வேர் ஒரு பொருளைத் தெய்வத்துக்கென்று ஒப்புக்கொடுப்பதைக் குறிப்பது. அர்ப்பணமும் கிட்டத்தட்ட அதுவே. கொடுப்பவர், கொடுக்கப்படுவது, பெறுபவர் என்ற மூன்றும் இதில் உண்டு. ஜிம்மில் கொடுக்கப்படுவதும் பெறுவதும் ஒரே தசைதான். பெறுபவர் என்று வெளியே எவரும் இல்லாதபோது கொடுத்ததற்குச் சாட்சி யார்? பக்கத்து ஆள். அவருடைய கண்ணும் சுவர் முழுக்கப் பதித்த கண்ணாடியும் அந்த வேலையைப் பார்க்கின்றன.

ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறைச்சாலை பற்றிய நூலில் பெந்தாமின் காவல் கோபுரத்தை விவரிக்கிறார். நடுவே கோபுரம், சுற்றிலும் அறைகள்; பார்ப்பவனைக் கைதி பார்க்க முடியாது. நம் ஜிம்மில் கோபுரம் கிடையாது. பார்க்கப்படுகிறவனே பார்க்கிறவனாகவும் இருக்கிறான். அடுத்தவனுக்கு டெடிகேஷன் இல்லை என்று சொன்ன மாத்திரத்தில் எனக்கு அது இருப்பதாக ஆகிவிடுகிறது. கூடுதலாக ஒரு கிலோகூடத் தூக்க வேண்டியதில்லை.

சரி, தீர்ப்பாவது சரியா? மெய் என்ற சொல்லுக்கு உடம்பு என்றும் உண்மை என்றும் பொருள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படும் வகைகளாக நகை, அழுகை முதலான எட்டைச் சொல்கிறார். முயற்சி அந்த எட்டில் இல்லை. ஜிம்மின் கண் அதை ஒன்பதாவதாகச் சேர்த்துவிட்டது: உடம்பு ஏறினால் உழைத்தவன், ஏறாவிட்டால் ஏமாற்றியவன். க்ளோட் புஷாரின் குழு 1999இல் வெளியிட்ட ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு இதற்கு எதிரான சாட்சியம். 481 பேருக்கு 20 வாரம், மேற்பார்வையின்கீழ் ஒரே மாதிரியான சைக்கிள் பயிற்சி. உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சிலருக்கு அநேகமாக ஒன்றுமே கூடவில்லை. சிலருக்கு 1000ஐத் தாண்டியது. இந்த வித்தியாசம் பெருமளவு குடும்பவழி வருவது. எவன் சோம்பேறி என்பதை அந்த உடம்புகளைப் பார்த்து யார் சொல்லிவிட முடியும்?

நடத்தையை வைத்துச் சொல்வதும் அப்படித்தான். கனமான பளு தூக்குகிறவருக்கு இரண்டு செட்டுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடமாவது ஓய்வு வேண்டும்; செல்போன்காரர் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கலாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற வேகமே மிதமான உடற்பயிற்சிக்கு அடையாளம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வயதுவந்தோருக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 நிமிடமாவது இத்தகைய பயிற்சியைத்தான். அரட்டைக்காரர் ஒழுங்காகவே நடந்துகொண்டிருக்கிறார்.

காலை ஐந்து மணிக்கு வருவதே பக்தியின் அளவுகோல் என்பார்கள். ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்பவள் எப்போது வருவாள் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. ஜிம்முக்குக் கீழே லாரி செட். ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கி விடியலிலிருந்து ஏற்றி இறக்குகிற ஒருவரை மாடிப்படி ஏறும்போது தினமும் கடக்கிறோம். அவர் ஒரு நாளும் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு டெடிகேஷன் என்று யாரும் சொல்வதில்லை. அதற்குக் கூலி என்று பெயர். தேவைக்காகத் தூக்கினால் உழைப்பு, தேவையில்லாமல் காசு கட்டித் தூக்கினால் ஒழுக்கம் என்று பிரிகிற இடத்தில்தான் இந்தச் சொல்லின் வர்க்கக் குணம் தெரிகிறது எனலாம். உடை மாற்றும் அறையில் இதைச் சொன்னேன். "அது வேற சார், இது வேற" என்றார்கள்.

செல்போன்காரரைப் பற்றி நான்தான் அதிகம் பேசியவன். போன மாதம் தண்ணீர் கேன் பக்கத்தில் அவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அந்த வாத்தியார் மாதிரி இருப்பாரே, ரெண்டு மாசமா அதே பத்து கிலோதான். சும்மா பொழுதுபோக்க வர்றாரு." நான் வாத்தியார் இல்லை. இரண்டு மாதமாக வலது தோள்பட்டையில் வலி, யாரிடமும் சொல்லவில்லை. மேலே எழுதியதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். மறுநாள் அவர் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு பன்னிரண்டரைக் கிலோவை எடுத்தேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.