குறுஞ்செய்தியும் கடைக் கணக்கும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன் பின்னர்ப் பல குடும்பங்களுக்குச் சிறு வணிகமே ஊன்றுகோலாயிற்று. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மளிகைக்கடை, தேநீர்க்கடை, தையற்கடை எனச் சிறு கடைகள் பல உள்ளன. பெற்றோர் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுவிட, கடையைப் பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அப்பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரிந்திருக்கலாம். கைப்பேசிக்கு வரும் செய்தியோ ஆங்கிலத்தில் இருக்கும். அதனைப் படித்துப் பொருள் சொல்பவர் பெரும்பாலும் மாணவர்களாகிய நீங்களே. ஆகவே, கடைக்கு வரும் குறுஞ்செய்தியை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சிறு வணிகரைக் குறிவைக்கும் மோசடிகளுள் எளியது ஒன்றை முதலில் அறிவோம். ஒருவர் மளிகைக்கடையைத் தொலைபேசியில் அழைத்து, 1,500 ரூபாய்க்குப் பொருள்கள் வேண்டும் என்கிறார். பணத்தை முன்னதாகவே அனுப்பிவிடுவதாகவும் கூறுகிறார். சற்று நேரத்தில், கணக்கில் 15,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாகக் கடையின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. உடனே மீண்டும் அழைப்பு வருகிறது. “அம்மா, ஒரு சுழியம் கூடுதலாக அழுத்திவிட்டேன். மருத்துவமனையில் இருக்கிறேன். மீதி 13,500 ரூபாயை உடனே திருப்பி அனுப்புங்கள்” என்று அவர் கெஞ்சுகிறார். இரக்கமும் நேர்மையும் உள்ள வணிகர் உடனே அனுப்பிவிடுகிறார். மாலையில் கணக்கைப் பார்க்கும்போதுதான், 15,000 ரூபாய் வரவே இல்லை என்பதும், சென்றது தம்முடைய சொந்தப் பணம் என்பதும் தெரிகின்றன. அச்செய்தியை அனுப்பியது வங்கியன்று. வங்கிச் செய்தியைப் போலவே சொற்களை அமைத்து அந்த மனிதரே அனுப்பியிருந்தார். இம்மோசடி பேராசையைப் பயன்படுத்துவதில்லை. பிறர் பணத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்னும் நற்குணத்தையே பயன்படுத்துகிறது. இதில் ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று ஊரார் ஏசுவது முறையன்று.

பணம் வந்ததாகக் கூறும் செய்தி வேறு; பணம் வேறு. வங்கிச் செயலியைத் திறந்து இருப்புத் தொகையைப் பார்த்தாலோ, கணக்கு ஏட்டைப் பதிவு செய்து பார்த்தாலோ மட்டுமே பணம் வந்தது உறுதியாகும். கடையில் வைத்துள்ள ஒலிப்பெட்டி தொகையை அறிவிக்கவில்லையெனில், வாடிக்கையாளர் காட்டும் கைப்பேசித் திரையை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடலாகாது. அத்தகைய திரையைப் போலியாக உருவாக்குவது கடினமன்று.

செய்தியில் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். ‘கிரெடிட்’ என்பது வரவு. கன்னடத்தில் இதனை ‘ஜமா’ என்பர். ‘டெபிட்’ என்பது பற்று, அதாவது நம் கணக்கிலிருந்து பணம் சென்றது. ‘ரிக்வெஸ்ட்’ என்பது கோரிக்கை. யாரோ நம்மிடம் பணம் கேட்கிறார் என்பதே அதன் பொருள். கோரிக்கையை வரவு என்று எண்ணிச் சிலர் தம் இரகசிய எண்ணை அழுத்திவிட்டதுண்டு. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அனுப்புவதற்கு மட்டுமே தேவை.

அடுத்து, செய்தியை அனுப்பியவர் யார் என்று பார்க்க வேண்டும். இதனை விளக்கத் தங்கவயலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்கியவர் மேலே இருந்தார். கீழே நடப்பதை அவரால் காண இயலாது. மணியோசையே அவருக்குச் செய்தி. ஆகவே, அம்மணியை அடிக்கும் உரிமை அதற்கென அமர்த்தப்பட்டவருக்கு மட்டுமே இருந்தது. யார் வேண்டுமானாலும் மணியடிக்கலாம் என்றிருந்தால் உயிர்கள் பறிபோயிருக்கும். உங்கள் தாத்தாக்களுள் சுரங்கத்தில் பணியாற்றியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நான் சொல்வதைவிடச் சுவையாகச் சொல்வார்.

குறுஞ்செய்திக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் வகுத்த விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் தம் பெயரையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். தீபாவளித் தள்ளுபடியை மொத்தமாகக் குறுஞ்செய்தியில் அறிவிக்கும் துணிக்கடைக்கும் இது பொருந்தும். எனவே, வங்கியின் செய்தி பதிவு செய்த எழுத்துப் பெயரிலிருந்து வரும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. 2025 முதல் அப்பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்க்கப்படுகிறது. ‘பி’ விளம்பரத்தையும், ‘எஸ்’ சேவையையும், ‘டி’ பரிவர்த்தனையையும், ‘ஜி’ அரசையும் குறிக்கும். பெயர் சரியாக இருந்தாலும் கணக்கைப் பார்க்கத் தவறக் கூடாது. பெயர்களையும் மோசடிக்காரர்கள் தவறாகப் பயன்படுத்தியதுண்டு.

கடைக்காரரை அச்சுறுத்தும் செய்திகளும் வருகின்றன. “சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்” என்னும் வகைச் செய்தி 2022-இல் நாடெங்கும் பரவியது. குளிர்பானமும் பாலும் விற்கும் கடைக்காரர் இதனைக் கண்டு நடுங்குவது இயல்பே. அந்த எண்ணை அழைத்தால், ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். அது நம் திரையை அவர்களுக்குக் காட்டிவிடும். தங்கவயலுக்கு மின்சாரம் வழங்குவது பெஸ்காம். ஐயம் எழுந்தால், கையிலுள்ள பழைய கட்டணச் சீட்டில் அச்சிடப்பட்ட 1912 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும். செய்தியில் உள்ள எண்ணை அன்று.

பணம் பறிபோய்விட்டால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாக மாற்றப்படும். அது வெளியே எடுக்கப்படுமுன் தெரிவித்தால் வங்கிகள் அதனை முடக்கி வைக்க இயலும். ஆகவே, வெட்கப்பட்டு இரவு முழுவதும் மறைத்து வைப்பது நட்டத்தை உறுதியாக்கும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். நம் தவறோ வங்கியின் தவறோ இன்றி வேறொருவரால் பணம் எடுக்கப்பட்டு, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவித்தது. இரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு நம்முடையதே.

தங்கவயல் தனிக் காவல் மாவட்டம் ஆதலால், புகாருக்காகக் கோலாருக்குச் செல்ல வேண்டியதில்லை. அங்குச் செல்லும்போது வங்கிக் கணக்கு விவரமும், பரிவர்த்தனை எண்ணும், 1930-இல் தந்த புகார் எண்ணும் கையில் இருக்க வேண்டும். சினத்தில் அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். அதனை அனுப்பிய எண்ணும், வந்த நேரமும் அதில்தான் உள்ளன.