ஏழு ஆசனமும் ஒரு பிளக்கும்: குடும்ப வாகனம் வாங்க முன்னர் போட வேண்டிய கணக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கும் 2025 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் தள்ளிப்போடப்பட்ட வாகனப் பேச்சு அதன் பிறகு பல வீடுகளில் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது. உம்மா, வாப்பா, நான்கு பிள்ளைகள், கூடவே மூத்தம்மா என்று இருக்கும் குடும்பத்துக்கு ஐந்து ஆசனக் கார் போதாது. வேன் வாங்கலாம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் விருப்பமில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்திருப்பதுதான் ஏழு ஆசனம் கொண்ட பிளக்-இன் ஹைபிரிட் எஸ்.யூ.வி.

பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன் என்பதால், ஆசிரியர் அறையிலும் உறவினர் மத்தியிலும் "சேர், பிளக்-இன் நல்லமா?" என்ற கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஒரே வாகனம் ஒரு வீட்டுக்கு இலாபமாகவும் அடுத்த வீட்டுக்கு வீண் செலவாகவும் அமையலாம். அதைத் தீர்மானிப்பது வாகனத்தின் பெயரல்ல. உங்கள் வீட்டு மின்பட்டியலும், நீங்கள் ஒரு நாளைக்கு ஓடும் தூரமும், பின்வரிசையில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதும்தான்.

பிளக்-இன் என்றால் என்ன?

சாதாரண ஹைபிரிட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் ஏற்ற முடியாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியையும் எஞ்சின் தரும் சக்தியையும் சிறிய பற்றரி ஒன்றில் சேமித்து மோட்டாருக்குக் கொடுக்கும். முழு மின்சார வாகனத்தில் எஞ்சினே இல்லை. பிளக்-இன் ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓரளவு பெரிய பற்றரி இருக்கும், அதை வீட்டில் சார்ஜ் செய்யலாம். சார்ஜ் இருக்கும் வரை பெரும்பாலும் மோட்டாரில் ஓடும். தீர்ந்ததும் பெற்றோல் எஞ்சினோடு சாதாரண ஹைபிரிட் போல ஓடும்.

உதாரணத்துக்குச் சீனாவின் செரி நிறுவனத்தின் டிகோ 8 வாகனத்தை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மலிவான ஏழு ஆசன பிளக்-இன் என்று பேசப்படுவது இது. 1.5 லீற்றர் டர்போ எஞ்சின், 18 கிலோவாற்று மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும் பற்றரி. முழுச் சார்ஜில் 90 கிலோமீற்றர் அளவில் மின்சாரத்தில் மட்டும் ஓடும் என்பது ஆய்வுகூடப் பரிசோதனைக் கணக்கு. குளிரூட்டியைப் போட்டு, ஆட்களை ஏற்றி, நம் வீதிகளில் ஓடும்போது 70 கிலோமீற்றர் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

"மலிவு" என்ற சொல்லிலும் கவனம் தேவை. பிரித்தானியாவில் இதன் ஆரம்ப விலை 33,500 பவுண் அளவில். அங்கே அது உண்மையில் மலிவுதான். இலங்கைக்கு வரும்போது சுங்க வரி, எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணிக்கப்படும் உற்பத்தி வரி, குறித்த பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத பெறுமதி சேர் வரி என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். எனவே யூடியூப்பில் வெளிநாட்டவர் "விலைக்கு நல்ல வாகனம்" என்று சொல்வதில் "வாகனம்" என்ற பகுதியை மட்டும் கேளுங்கள். "விலைக்கு" என்ற பகுதி நமக்குப் பொருந்தாது.

மின்பட்டியலை எடுத்து வையுங்கள்

பெற்றோலைவிட மின்சாரம் மலிவு என்பது எல்லோரும் நம்பும் விடயம். ஆனால் நம் நாட்டில் வீட்டு மின்சாரம் படிமுறைக் கட்டணத்தில் வருகிறது. பாவனை கூடக் கூட அலகின் விலை ஏறும். மாதத்துக்கு 180 அலகைத் தாண்டியவை மிக உயர்ந்த படியில் விழும். நிலையான கட்டணமும் சேர்ந்தே உயரும்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு லீற்றர் பெற்றோல் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பற்றரி தீர்ந்த நிலையிலும் இந்த வாகனம் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் என்போம். அப்படியானால் 70 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1,400 ரூபா பெற்றோல் வேண்டும். அதே தூரத்தை மின்சாரத்தில் ஓட, சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து 21 அலகு தேவைப்படும். 1,400 ஐ 21 ஆல் வகுத்தால் 66 ரூபா சொச்சம். அதாவது, நீங்கள் சார்ஜுக்குச் செலவழிக்கும் அலகு 66 ரூபாவுக்குக் கீழே கிடைத்தால் இலாபம். அதற்கு மேல் போனால் பிளக் குத்தாமல் பெற்றோலில் ஓடுவதே மலிவு. பெற்றோல் விலை மாறும்போது இந்த எல்லையும் மாறும். இன்றைய விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். மின்பட்டியலில் பார்க்க வேண்டியது சராசரி விலையை அல்ல, கடைசிப் படியின் விலையை. வாகனத்துக்குப் போகும் அலகுகள் ஏற்கெனவே உள்ள பாவனையின் மேல்தான் ஏறி உட்காரும்.

ஒரு நாளைக்கு 20 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்தைப் பார்ப்போம். பாடசாலை, கந்தோர், சந்தை, பின்னேர மத்ரசா எல்லாம் அதற்குள் அடங்கும். நாளொன்றுக்கு 6 அலகு; 25 நாளைக்கு 150 அலகு. இப்போது 120 அலகு பாவிக்கும் வீடு அதனால் 270 அலகுக்குப் போகும். கூடிய 150 இல் 90 அலகு 180 க்கு மேற்பட்ட படியில் விழும். பிளக் தரும் இலாபத்தின் பெரும் பகுதியை அந்தப் படி தின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கூரைச் சூரியப்படல். நெட் மீற்றரிங் முறையில் உள்ளவர்களுக்கும் மிகை உற்பத்தி உள்ளவர்களுக்கும் பிளக்-இன் நன்றாகப் பொருந்தும். மற்றது நேர அடிப்படையிலான கட்டண முறை. இதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை அலகு மலிவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக அதிகம். அந்த நான்கு மணித்தியாலத்தில் அயன் பண்ணுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, மின் அடுப்பில் சமைப்பது எல்லாவற்றுக்கும் கூடுதல் கட்டணம் வரும் என்பதை வீட்டில் பேசிவிட்டே உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

மலிவான அலகு கிடைத்தால் சேமிப்பு எவ்வளவு? அலகு 40 ரூபா என்று வையுங்கள். நாளைக்கு 20 கிலோமீற்றர் ஓடுபவருக்குப் பெற்றோலில் 400 ரூபா, மின்சாரத்தில் 240 ரூபா. மிச்சம் 160, மாதத்துக்கு 4,000. நாளைக்கு 70 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மாதத்துக்கு 14,000. இனி, அதே அளவு சாதாரண ஹைபிரிட்டைவிட பிளக்-இன் 10 இலட்சம் ரூபா கூட என்று வைத்துக்கொண்டால், முதலாமவருக்கு அந்தக் காசு திரும்பி வர 250 மாதம், அதாவது 20 வருடத்துக்கு மேல். இரண்டாமவருக்கு ஆறு வருடம். லீசிங்கில் எடுத்தால் வட்டியும் சேரும். வாகனம் ஒன்றுதான், வீடுதான் வேறு.

பிளக் குத்துவது ஒரு பழக்கம்

ஐரோப்பிய ஆணைக்குழு 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021 இல் பதிவான வாகனங்களிலேயே பொருத்தப்பட்ட எரிபொருள் மானிகளின் தரவை வைத்துச் செய்த ஆய்வு அது. பிளக்-இன் ஹைபிரிட்கள் வீதியில் வெளியிடும் காபனீரொட்சைட்டு, ஆய்வுகூடக் கணக்கைவிடச் சராசரியாக 3.5 மடங்கு என்று அது கண்டது. முக்கிய காரணம், கணக்கில் எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் செய்யவில்லை என்பதே. சார்ஜ் செய்யாத பிளக்-இன், பாரமான பற்றரியைச் சும்மா சுமந்து திரியும் பெற்றோல் வாகனம்தான்.

ஆகவே உங்கள் வாகனத் தரிப்பிடத்துக்கும் சுவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மாடிக் குடியிருப்பில் இருப்பவர், வாகனத்தை ஒழுங்கைக்கு வெளியே நிறுத்துபவர், வாடகை வீட்டில் இருப்பவர் ஆகியோருக்கு இது நாளாந்தப் பிரச்சினை. வயரிங்கும் முக்கியம். 230 வோல்ற்றில் 10 அம்பியர் எடுத்தால் 2,300 வாற்று. சாதாரண தரத்தில் படித்த வலுச் சமன்பாடுதான். வெறுமையான பற்றரி நிரம்ப ஒன்பது மணித்தியாலம் போகும். கேத்தல் சில நிமிடத்தில் அணைந்துவிடும், இதுவோ இரவு முழுக்க இழுக்கும். பழைய சொக்கெட்டும் நீட்டிப்பு வயரும் அதற்குத் தாங்காது. தனி வயர், தனி பிறேக்கர், சரியான புவித்தொடுப்பு ஆகியவற்றைத் தகுதியான மின்னியலாளரைக் கொண்டு செய்த பிறகே வாகனத்தைக் கொண்டு வாருங்கள். அந்தச் செலவும் வாகன விலையின் ஒரு பகுதிதான்.

ஏழு பேர் என்றால் எந்த ஏழு பேர்?

டிகோ 8 இன் நீளம் 4.7 மீற்றர் அளவில். நம் ஊர்களில் ஓடும் நீளம் குறைந்த கே.டி.எச். வேனின் நீளமும் அவ்வளவுதான். வேனில் சாரதி எஞ்சினின் மேலேயே இருப்பதால் அந்த நீளம் முழுவதும் ஆட்களுக்குக் கிடைக்கிறது. எஸ்.யூ.வி.யில் முன்பகுதியை பொனட் எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய இடத்தில் மூன்று வரிசை. எனவே மூன்றாம் வரிசை சிறு பிள்ளைகளுக்கு உரியது. முழங்கால் நெஞ்சுக்கு வரும் அந்த ஆசனத்தில் வளர்ந்தவர் ஒருவரை வைத்துக் கல்முனையிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் பாருங்கள், பிறகு அவர் உங்களோடு பயணம் வரமாட்டார். மூத்தம்மாவுக்கு முன் ஆசனமோ நடு வரிசையோதான்.

மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பின்னால் மிஞ்சும் இடம் 100 லீற்றரைச் சற்றே தாண்டும். இரண்டு பாடசாலைப் பைகளுக்குப் போதும். பெருநாளைக்கு ஊருக்குப் போகும் ஏழு பேரின் பயணப்பைகளுக்குப் போதாது. ஏழு ஆட்கள் அல்லது ஐந்து ஆட்களும் சாமான்களும் என்றே எண்ண வேண்டும். கூரையில் கட்டலாம் என்பவர்கள் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பார அளவு எல்லையை வாசியுங்கள்.

பிள்ளைகளை இருத்தப் போகும் வரிசை என்பதால், பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா, அங்கே மூன்று புள்ளிப் பட்டியும் தலைதாங்கியும் உள்ளனவா, சிறுவர் ஆசனம் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுக்கிகள் எந்த ஆசனங்களில் உள்ளன என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் குடும்பத்தோடு போய் எல்லோரும் ஏறி இருந்து பாருங்கள். பார்க்கும்போது ஆசனத்தின் தோலைவிட இவற்றைத் தொட்டுப் பார்ப்பதுதான் பிரயோசனம்.

பாவித்த வாகனம் பார்ப்பவர்களுக்கு

ஏற்கெனவே நம் வீதிகளில் ஓடும் பழைய மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் வாகனங்களைச் சிலர் ஏழு ஆசனம் என்று நினைத்துப் போய்ப் பார்க்கிறார்கள். அந்தத் தலைமுறையின் பெற்றோல் வாகனத்தில் மூன்றாம் வரிசை உண்டு. பிளக்-இன் வகையில் பின் மோட்டார் அந்த இடத்தை எடுத்துக்கொண்டதால் ஐந்து ஆசனம் மட்டுமே. 2021 இறுதியில் ஜப்பானில் வந்த புதிய தலைமுறையில்தான் பிளக்-இன் வகைக்கும் ஏழு ஆசனம் கிடைத்தது. அதன் பற்றரி 20 கிலோவாற்று மணித்தியாலம், எஞ்சின் 2.4 லீற்றர். எஞ்சின் கொள்ளளவு வரியில் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

ஜப்பான் சந்தைக்கான அவுட்லாண்டரில் விரைவுச் சார்ஜ் துளை சாடெமோ வகை. சீனாவின் உள்நாட்டுச் சந்தை வாகனங்களில் ஜீ.பி.ரி. வகை. ஐரோப்பாவுக்கு உரியவற்றில் டைப் 2, சி.சி.எஸ். 2. எது உங்கள் வாகனத்தில் இருக்கிறது, அதற்குரிய வீட்டு வயர் கூடவே வருகிறதா என்று பாருங்கள். 2022 இன் 13 மணித்தியால மின்வெட்டை மறக்காதவர்கள், வாகனத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று கேட்டு ஆசைப்படுவதுண்டு. ஜப்பான் வாகனத்தின் உள்ளே இருக்கும் சொக்கெட் தருவது 100 வோல்ற். நம் வீட்டு உபகரணங்களுக்கு 230 வோல்ற் வேண்டும்.

பற்றரியைப் பொறுத்தவரை, பிளக்-இன்னின் சிறிய பற்றரி அநேகமாகத் தினமும் நிரம்பி வெறுமையாகும். பெரிய பற்றரியுள்ள முழு மின்சார வாகனத்தைவிட இதற்கு வேலை அதிகம். எனவே பாவித்த வாகனமென்றால் பற்றரியின் எஞ்சிய கொள்ளளவைக் கணினியில் அளந்த அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். புதியதென்றால் பற்றரி உத்தரவாதம் இலங்கையில் யாரால், எத்தனை வருடத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். எஞ்சினும் இருப்பதால் ஒயில் மாற்றும் செலவு ஒழியாது. பழுது வந்தால் உங்கள் மாவட்டத்திலேயே பார்க்கலாமா, கொழும்புக்கு ஏற்றி அனுப்ப வேண்டுமா என்பதையும் விலையோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

யாருக்கு, யாருக்கு இல்லை?

சொந்த வீடு, உள்ளே நிறுத்த இடம், கூரையில் சூரியப்படல் அல்லது இரவு மலிவுக் கட்டணம், நாளைக்கு 40 முதல் 70 கிலோமீற்றர் ஓட்டம், பின்வரிசைக்குச் சிறு பிள்ளைகள் ஆகியவை இருக்கும் குடும்பத்துக்கு இது நல்ல தெரிவு. நாளாந்த ஓட்டம் மின்சாரத்தில் முடியும்; தூரப் பயணத்தில் சார்ஜ் தேடி அலையத் தேவையில்லை.

ஓட்டம் குறைந்தவருக்கும், பிளக் குத்த வசதி இல்லாதவருக்கும் சாதாரண ஹைபிரிட் போதும். ஏழு பெரியவர்கள் அடிக்கடி தூரம் போகும் குடும்பத்துக்கு வேனைப் போல வேறொன்று இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வருடத்தில் இரண்டு தடவை மட்டும் ஏழு பேராகப் போகிறவர்கள், அந்த இரண்டு நாளைக்கு வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டு மிச்சக் காசைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைக்கலாம்.

வாகனக் கடைக்குப் போவதற்கு முன்னர் மூன்று தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கடைசி மூன்று மாத மின்பட்டியல், ஒரு வாரம் ஓடிய தூரத்தின் குறிப்பு, மாதத் தவணையைச் சேர்த்து எழுதிய குடும்ப வரவு செலவு. விற்பவர் வாகனத்தின் கணக்கைச் சொல்வார். வீட்டின் கணக்கு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.