நாட்டு மருந்துதானே என்று அலட்சியம் வேண்டாம்! மெடிக்கல் ஷாப்பில் சொல்லிவிட்டு சாப்பிடுங்கள்!!

மாங்காடு,-

"பச்சிலைதானே, அது என்ன செய்துவிடப் போகுது?"

இந்தப் பேச்சுதான் பலரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது. மூலிகை மருந்து சாப்பிடுகிறவர்களில் பலர் அதை டாக்டரிடமும் சொல்வதில்லை. மருந்துக் கடையிலும் சொல்வதில்லை. ஆபத்து இங்கேதான் இருக்கிறது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மாங்காடு காமாட்சி அம்மன் கோவிலில் உள்ள அர்த்தமேரு, 8 வகை மூலிகைகளால் ஆனது. அதனால் அதற்கு அபிஷேகம் கிடையாது. குங்கும அர்ச்சனை மட்டும்தான். எந்த மூலிகைக்கு எது ஆகாது என்று பார்த்து நடக்கும் ஊர் இது. ஆனால் வயிற்றுக்குள் போகும் மூலிகைக்கு அந்தக் கட்டுப்பாட்டை யார் பார்க்கிறார்கள்?

சாயங்கால நேரத்தில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கேட்கிற பேச்சு இது:-

"தம்பி, முழங்கால் வலிக்கு நாலு மாத்திரை கொடு."

"சுகர், பி.பி. இருக்காம்மா?"

"சுகர் மாத்திரை சாப்பிடறேன்."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்லை."

அந்த அம்மாவின் பையிலேயே சிறுகுறிஞ்சான் பொடி பொட்டலம் இருக்கும். "அது மருந்து இல்லையே" என்பது அவர் கணக்கு!

மாத்திரையோடு மோதல்

சிறுகுறிஞ்சான், பாகற்காய் சாறு, வெந்தயப் பொடி ஆகியவை சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை. சுகர் மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். பூந்தமல்லி ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டும்போது மயக்கம் வந்தால் என்ன ஆகும்?

இருமலுக்கு நல்லது என்று அதிமதுரத்தை மாதக் கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். உடம்பில் பொட்டாசியம் குறையும்.

இதய நோயாளிகள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பூண்டு மாத்திரையோ மஞ்சள் மாத்திரையோ சேர்த்துக் கொண்டால் ரத்தக் கசிவு ஏற்படலாம். குழம்பில் போடும் பூண்டு, மஞ்சளைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்தும், அயச் செந்தூரத்தில் இரும்பும் இருக்கின்றன. தைராய்டு மாத்திரையோடு இவற்றைச் சாப்பிட்டால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஊமத்தை விபரீதம்

2020-ம் ஆண்டு ஏப்ரலில், பக்கத்திலுள்ள சித்தூர் மாவட்டத்தில் 2 குடும்பத்தினர் ஊமத்தை விதையைச் சாப்பிட்டார்கள். கொரோனா வராது என்று டிக்டாக் வீடியோவில் பார்த்ததை நம்பி நடந்த விஷப் பரீட்சை இது! குழந்தைகள் உள்பட எல்லோரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

சீந்தில் கொடி கஷாயம் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானது, அதே போலத் தோன்றும் வேறொரு கொடிதான் கெடுதல் செய்யக்கூடும் என்றது. யார் சொல்வது சரியானாலும் ஒன்று நிச்சயம். வேலியில் படர்ந்த கொடியை அடையாளம் தெரியாமல் பறித்து அரைக்கக் கூடாது!

பெயர் இல்லாத பொட்டலம்

"ஒரே நாளில் மூட்டு வலி போகும்" என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்டவுடன் வலி பறந்துவிடும். பிறகு முகம் ஊதும், சுகர் ஏறும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. சர்க்கரை வியாதி, புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

என்ன செய்யணும்?

* பாக்கெட்டில் கம்பெனி விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், என்னென்ன சரக்கு சேர்ந்துள்ளது என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

* மெடிக்கல் ஷாப்பில் எடுத்துக் கொடுக்கும் பையனிடம் அல்ல, மருந்தாளுநரிடம் கேளுங்கள். டாக்டர் சீட்டு மருந்தை அவர் மேற்பார்வையில்தான் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். மருந்து பற்றி விளக்கிச் சொல்வதும் அவர் கடமை. கேட்க கூச்சம் வேண்டாம்.

* வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும், பொடி, லேகியம், கஷாயம் உள்பட, ஒரு சீட்டில் எழுதிக் காட்டுங்கள். பொட்டலத்தையும் கொண்டு போங்கள்.

* கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள், கிட்னி, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

* நாட்டு மருந்து சாப்பிடுவதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சித்த வைத்தியம்தான் வேண்டும் என்பவர்களுக்கு முறையாகப் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. அங்கே போனாலும் சாப்பிடும் இங்கிலீஷ் மாத்திரைகளைச் சொல்லவேண்டும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, உடம்பில் தடிப்பு, வாந்தி இவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் உடனே 108!

மருந்தாளுநர் "வேற ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் அது வம்பு அல்ல. பையில் இருக்கும் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வையுங்கள்!