இலகு ரீலுக்கு ஏற்ற தூண்டில் கம்பு

முட்டுக்காடு, கோவளம் கழிமுகங்களில் சிறு மீன்களுக்கு வீசப்படும் இலகு ஸ்பின்னிங் ரீல் பொதுவாக 1000 முதல் 2500 வரை எண்ணிடப்பட்டது. இது கம்பின் அடிப்பக்கம் தொங்கும். ஆறு, ஏழு அடி நீள இலகு கம்பு இதற்குப் பொருந்தும். விலையைவிட, ரீலுக்கு அடுத்துள்ள முதல் வளையமே முக்கியம். நரம்பு அகன்ற சுருளாக அவிழ்ந்து வருவதால், வளையம் சிறிதானால் உரசி, வீச்சு குறுகும். ரீலில் சுற்றும் நரம்பு, கம்பில் அச்சிட்ட பவுண்டு அளவுக்குள் இருக்க வேண்டும். 8 பவுண்டு நரம்பு சுமார் 3.6 கிலோ இழுவை தாங்கும். சிறு தராசில் கட்டி இழுத்து, ஏறத்தாழ 1 கிலோவில் நரம்பு நழுவுமாறு ரீலின் திருகை அமைத்தால், கொடுவா திடீரென ஓடும்போது நரம்பு அறுவதும் கம்பு முறிவதும் பெரும்பாலும் தவிரும். கடையில் ஒன்றாகக் கட்டித் தரும் ரீலையும் கம்பையும்கூட இப்படிச் சோதிக்கலாம்.