தாவ மறந்த கண்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி தொடங்கினார். பெயர் பெற்றது கண்புரை அறுவைக்குத்தான் என்றாலும் அங்கே நரம்புக் கண் மருத்துவப் பிரிவும் உண்டு. வரிகள் ஆடுகின்றன, கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து அங்கே வரும் சிலருக்குக் கோளாறு கண்ணிலேயே இருக்காது, மூளையில் இருக்கும்.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. சொல்லுக்குச் சொல் தாவுகிறது. பெரிய தாவலில் வேகம் நொடிக்குப் பல நூறு டிகிரி. தாவச் சொல்வது மூளைத்தண்டு. தாவிய இடத்தில் ஆடாமல் நிற்க உதவுவது சிறுமூளை.

1971-ல் பம்பாய் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, தள்ளாட்டத்தோடு கண் அசைவும் மந்தமாகிப்போகும் பரம்பரை நோய் ஒன்றை விவரித்தார். இன்று அதை எஸ்.சி.ஏ. 2 என்கிறோம். காரணமான மரபணு 1996-ல் பிடிபட்டது. கண்ணால் தாவ முடியாதவர்கள் இமையைச் சிமிட்டியோ தலையை வெடுக்கென்று திருப்பியோதான் பார்வையை நகர்த்துகிறார்கள்.

இந்த மந்தத்துக்கு மருந்து இல்லை. தாவச் சொல்லும் செல்களே அழிந்துவிட்டபின் மாத்திரை யாரிடம் போய்ப் பேசும்? எஸ்.சி.ஏ. 2 நோயாளிகளுக்கு ஓராண்டு ரிலுசோல் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. பலன் தெரியவில்லை.

கண் நடுக்கத்தின் கதை வேறு. சிறுமூளை நோய்கள் சிலவற்றில் கண் மெல்ல மேலே நழுவும், உடனே கீழே வெட்டி இழுக்கும். உலகமே குதிப்பதுபோல் இருக்கும். இங்கே சிறுமூளையின் புர்கின்ஜே என்ற நரம்பு செல்களில் பல இன்னும் உயிரோடு இருக்கலாம். தாளம் தப்பிய தவில்போல ஒழுங்கு மட்டும் கெட்டிருக்கும். அவற்றைத் தாளத்துக்குக் கொண்டுவரப் பயன்படுவது 4-அமினோபிரிடின் என்ற மருந்து. அமெரிக்காவில் பறவைகளை விரட்ட வைக்கும் நஞ்சும் இதுவே! செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாசல்களை அடைத்து, நரம்புத் துடிப்பைச் சீராக்க முயல்கிறது. ஜெர்மனியின் மிக்கேல் ஸ்ட்ரூப் குழு 2003-ல் இதன் நெருங்கிய உறவான 3,4-டையமினோபிரிடினைக் கொடுத்து இந்த நடுக்கம் குறைவதைக் காட்டியது.

குறைகிறது, அவ்வளவுதான். எல்லோருக்கும் குறைவதுமில்லை. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்துவிடும். நோய் தன் போக்கில் வளரும். அளவு கூடினால் வலிப்பு வரலாம். ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆகாது. 2010-ல் அமெரிக்கா 4-அமினோபிரிடினை அங்கீகரித்ததுகூட மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் நடைக்குத்தான், கண்ணுக்கு அல்ல. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் சரக்கு இல்லை இது.

ஆகவே மருந்துச் சீட்டுக்கு முன்னால் ஒரு சோதனை. மருத்துவர் இரண்டு விரல்களைத் தள்ளிப் பிடித்து, “இதைப் பாருங்க, இப்ப அதைப் பாருங்க” என்பார். கண் ஊர்கிறதா, உதறுகிறதா என்று அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.