பள்ளியை முடிப்பதும் பல்கலைக்கழகத் தகுதி பெறுவதும்: கலிஃபோர்னியாவின் இரு பட்டியல்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு மாணவி உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முறைப்படி முடித்து, அங்கி அணிந்து, சான்றிதழும் பெற்று வெளியேறலாம். அதே மாணவி, அம்மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகச் சேரும் தகுதி இல்லாதவராகவும் இருக்கலாம். இதில் சட்டமீறல் ஏதுமில்லை. ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி அவருக்கு உண்டு; ஆனால் அது சுற்றுவழி.

காரணம், அங்கு இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று, பள்ளி நிறைவுக்கு மாநிலக் கல்விச் சட்டம் வகுத்துள்ள குறைந்தபட்சத் தேவை: ஆங்கிலம் 3 ஆண்டுகள், சமூக அறிவியல் 3, கணிதம் 2, அறிவியல் 2, உடற்கல்வி 2, இவற்றுடன் கலை, பிறமொழி, தொழிற்கல்வி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஓராண்டு. மற்றொன்று, பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தேவையான 15 ஓராண்டுப் பாடங்கள். ஏழு தலைப்புகளில் அடங்குவதால் இதனை 'ஏ-ஜி' என்பர்: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, ஆய்வக அறிவியல் 2, ஆங்கிலம் அல்லாத மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. முதல் பட்டியலுக்கு 'டி' தரநிலை போதும். இரண்டாவதற்குக் குறைந்தது 'சி' வேண்டும். மாவட்டங்கள் சட்டத்தின் குறைந்தபட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். 'கல்லூரி ஆயத்தப் பள்ளி' என்று தம்மை அழைத்துக்கொள்பவை பொதுவாக இரண்டாம் பட்டியலையே தம் நிறைவுத் தேவையாக வைக்கின்றன. அங்கே படித்து முடிப்பதும் தகுதி பெறுவதும் ஒன்றே. மற்ற பள்ளிகளில் அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் விழுகிறார்கள்.

இந்த விலக்கல் எப்படி நடக்கிறது என்பதற்குக் கணிதமே தெளிவான சான்று. அங்கு கணிதம் படிப்படியாக ஏறுவது: முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், அதன்பின் நுண்கணிதத்தை நோக்கிய பாடங்கள். ஏ-ஜி கேட்பது முதல் மூன்று படிகளை. ஒன்பதாம் வகுப்பில் ஏறத் தொடங்குபவர் பதினொன்றில் முடித்துவிடுவார். பத்தில் தொடங்குபவர் பன்னிரண்டில் முடிப்பார். ஒரு முறை தவறினாலும் கோடைக்காலப் பள்ளியைத்தான் நம்ப வேண்டும். பதினொன்றில் தொடங்குபவருக்கு நேரமே இல்லை. எந்தப் படியில் ஒரு குழந்தையை நிறுத்துவது என்பது அதன் பதின்மூன்று, பதினான்கு வயதில், ஆசிரியரின் பரிந்துரையாலும் ஆலோசகரின் கையொப்பத்தாலும் முடிவாகிவிடுகிறது. கல்லூரி வாசலை மிதித்திராத பெற்றோருக்கு அந்தக் கையொப்பத்தின் பொருள் நான்கு ஆண்டுகள் கழித்தே விளங்கும். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. அவர் எடுக்க வேண்டிய ஆங்கில மொழிப் பயிற்சி வகுப்பு, கால அட்டவணையில் ஓர் இடத்தை ஆண்டுதோறும் பிடித்துக்கொள்கிறது. அறிவியலோ கலையோ வெளியே போகிறது.

'நீ இந்தப் படிப்புக்குத் தகுதியில்லை' என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அட்டவணை சொல்லிவிடுகிறது.

இது தற்செயலாக வந்த ஏற்பாடு அன்று. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் 1892இல் அமைக்கப்பட்ட பத்துப் பேர் குழு, கல்லூரிக்குப் போகிறவர், போகாதவர் என்று பிரிக்காமல் ஒரு பாடத்தை எல்லோருக்கும் ஒரே விதமாகவே கற்பிக்க வேண்டும் என்றது. அன்று உயர்நிலைப் பள்ளியில் இருந்தவர்கள் மிகச் சிலர் என்பதை மறக்கலாகாது. தொழிலாளர், குடியேறியோர் பிள்ளைகள் பெருந்திரளாக உள்ளே வந்ததும் பேச்சு மாறியது. 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி அரசின் நிதியைத் திறந்துவிட்டது. கைத்தொழில் கற்பது இழிவன்று. யாருடைய கைக்கு எது என்பதைப் பிறப்பைப் பார்த்து முடிவு செய்வதே சிக்கல். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த, 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட திட்டத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதவர் என்பதால் அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்ததும் பாடத்தேர்வின் வரலாறுதான்.

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன் முதலிய பள்ளிகளிலிருந்து மெக்சிக அமெரிக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளிநடப்பு செய்தனர். பட்டறை வகுப்புக்கும் வீட்டுவேலைப் பயிற்சிக்கும் தங்களைத் தள்ளுவதை நிறுத்திக் கல்லூரிக்குரிய பாடங்களைத் தர வேண்டும், தங்கள் மக்களின் வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகளில் முதன்மையானவை. துணைநின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உட்படப் 13 பேர் மீது சதி வழக்குப் போடப்பட்டது. காஸ்ட்ரோ பணியிழந்தார்; மக்கள் போராடி அவரை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். வழக்கு பின்னர் நிலைக்கவில்லை.

அந்தக் கோரிக்கை விதியாக மாற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1998இல் சான் ஹோசே பள்ளி மாவட்டம், 2002இல் முடிக்கும் மாணவர் தொடங்கி, ஏ-ஜி பாடங்களையே நிறைவுத் தேவையாக்கியது. பெற்றோரும் மாணவரும் அமைப்புகளும் நடத்திய இயக்கத்தின் பின், 2005இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டமும் அத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியது. முன்பு விரும்பியவர் கேட்டுப் பெற வேண்டியிருந்த பாடம், இப்போது எல்லோருக்கும் இயல்பாகவே கிடைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் தீர்மானம் ஆசிரியரை நியமித்துவிடுவதில்லை. 'சி' தரநிலையைக் கட்டாயமாக்கும் காலம் நெருங்கியபோது, பெருந்தொகையான மாணவர்கள் பள்ளியை முடிக்கவே இயலாது என்ற அச்சம் எழுந்தது. 2015இல் மாவட்டக் குழு 'டி' போதும் என்று தளர்த்தியது. பாடங்கள் ஒன்றாகிவிட்டன, தரநிலை வேறாகவே நின்றது: பழைய இடைவெளி வேறு பெயரில் திரும்பியது. இத்தளர்வைத் துரோகம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. சான்றிதழே இல்லாமல் வெளியேறும் பிள்ளைக்கு வேலைச்சந்தையில் நேர்வது என்ன என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் கீழ்வகுப்புகளில் கணித ஆசிரியர் இல்லாத குறையைப் பன்னிரண்டாம் வகுப்பில் விதியைத் தளர்த்தி ஈடுகட்ட முடியாது.

பாடம் பட்டியலில் இருப்பதும் பள்ளியில் இருப்பதும் வேறு. 1999இல், கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் பெரும்பான்மையாக உள்ள இங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள், அமெரிக்கக் குடியுரிமைச் சங்கத்தின் உதவியோடு மாநிலத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். வசதியான பகுதிப் பள்ளிகளில் தாராளமாகக் கிடைக்கும் 'ஏபி' எனும் உயர்நிலைப் பாடங்கள் தங்கள் பள்ளியில் மிகச் சிலவே என்பதும், போட்டி மிகுந்த சேர்க்கையில் அப்பாடங்கள் கூடுதல் மதிப்புத் தருகின்றன என்பதும் அவர்கள் வாதம். எடுக்காத பாடத்துக்கு மாணவரைக் குறை சொல்வது எளிது. அப்பாடமே பள்ளியில் இல்லையென்றால்?

பாடத்தின் பெயரோடு அதன் உள்ளடக்கமும் போராட்டக் களமே. 2005-06இலும் மீண்டும் 2016இலும், கலிஃபோர்னியப் பாடநூல்களிலும் பாடத்திட்ட வரைவிலும் சாதி குறித்த பகுதிகளை மென்மையாக்க இந்து அமைப்புகள் முயன்றபோது, அங்கு வாழும் தலித் செயல்பாட்டாளர்கள் நேரில் சென்று மறுப்புரைத்தனர். 2021இல் இயற்றப்பட்ட சட்டம், 2030இல் முடிக்கும் மாணவர் தொடங்கி ஓர் அரையாண்டு இனவியல் படிப்பை நிறைவுத் தேவையாக்குகிறது. நிதி ஒதுக்கினால்தான் அது செயற்படும் என்ற நிபந்தனையும் சட்டத்திலேயே உள்ளது. 1968இன் மாணவர்கள் கேட்ட வரலாற்றுப் பாடம் இன்னும் வரவுசெலவுத் திட்டத்துக்காகக் காத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் எந்தப் பள்ளி எந்த ஏ-ஜி பாடத்தைக் கற்பிக்கிறது என்ற பட்டியல் இணையத்தில் எவர்க்கும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளில் எவற்றில் பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் உயிரியலும் உள்ள பாடப்பிரிவுகள் நடக்கின்றன, எத்தனை முதுகலை ஆசிரியர் இடங்கள் நிரப்பப்பட்டுள்ளன என்பதை மாவட்டவாரியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.